முட்டைப் பெட்டிக்குத் தெர்மோஸ்டாட்: பொருத்தும் முறையும் பழுது பார்க்கும் முறையும்

நாட்டுக்கோழி முட்டை பொரிய 37.5 டிகிரி சூடும் 21 நாளும் வேண்டும். சிறுவிடைக் கோழி அடைக்கு உட்கார்ந்தால் ஒரு தடவைக்குப் பத்து, பன்னிரண்டு முட்டைதான் தாங்கும். அதற்கு மேல் பொரிக்க நினைப்பவர்கள் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கமெல்லாம் தெர்மோகோல் பெட்டியில் குண்டு பல்பு மாட்டி வீட்டிலேயே பொரிக்கிறார்கள். பெட்டி செய்வது அரை நாள் வேலை. அதில் மாட்டும் தெர்மோஸ்டாட்டை, அதாவது சூட்டைப் பார்த்துப் பல்பை எரித்து அணைக்கும் கருவியை, பொருத்திய விதமும், அதன் எண்களை அமைத்த விதமும், முட்டை வைப்பதற்கு முன் அதைச் சோதித்த விதமும்தான் நாற்பது குஞ்சு வருமா நாலு குஞ்சு வருமா என்பதைத் தீர்மானிக்கின்றன. ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள்: திரையில் தெரியும் எண் சென்சார் (சூட்டை அளக்கும் ஒயர் நுனி) இருக்கும் இடத்தின் சூடு. முட்டையின் சூடு அதுதானா என்பதை நீங்கள்தான் உறுதி செய்ய வேண்டும்.

எந்தத் தெர்மோஸ்டாட்

கடைகளில் இரண்டு வகை சுலபமாகக் கிடைக்கும். ஒன்று டபிள்யூ 1209. உறையில்லாத சின்ன போர்டு, 12 வோல்ட் டிசியில் ஓடும், சிவப்பு எண் திரை, மூன்று பட்டன், நுனியில் உலோக மூடி போட்ட சென்சார் ஒயர். மற்றது எஸ்.டி.சி. 1000. உறையோடு வரும், நேரடியாக 230 வோல்ட்டில் ஓடும், சூடாக்க ஒரு ரிலே (போர்டு தானே போட்டு அணைக்கும் சுவிட்ச்), குளிர்விக்க ஒரு ரிலே என இரண்டு இருக்கும். எஸ்.டி.சி. 1000-இல் பின்பக்க முனைகளில் 1, 2 மின்சாரம் உள்ளே வர. 3, 4 சென்சார். 5, 6 சூடாக்கும் பக்கம். 7, 8 குளிர்விக்கும் பக்கம். வாங்கும்போது மேலே ஒட்டியிருக்கும் வரைபடத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஐம்பது முட்டைப் பெட்டிக்கு டபிள்யூ 1209 போதும். சூட்டின் ஏற்ற இறக்கத்தை 0.1 டிகிரி வரை குறுக்கலாம், எஸ்.டி.சி.யில் 0.3-க்குக் கீழே போகாது. ஆனால் தனியே 12 வோல்ட் அடாப்டர் வேண்டும், போர்டு திறந்து கிடக்கும், பல்லி ஏறும். நூறு முட்டைக்கு மேல் பிளைவுட் பெட்டி செய்பவர்கள் எஸ்.டி.சி.யை எடுத்துக்கொள்ளலாம். கீழே சொல்வது டபிள்யூ 1209-க்கு. அடிப்படை இரண்டுக்கும் ஒன்றே.

சாமான்கள்

பெட்டிக்கு நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் மீன் ஐஸ் வைத்து வரும் தெர்மோகோல் பெட்டி நல்ல கனமாக இருக்கும். உள்ளளவு சுமார் இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஓரடி உயரம். சோப்புத் தண்ணீரில் தேய்த்து, இரண்டு நாள் வெயிலில் வாடை போகக் காயவைத்துப் பயன்படுத்துங்கள்.

டபிள்யூ 1209 போர்டு இரண்டு வாங்குங்கள். ஒன்று வேலைக்கு, ஒன்று காவலுக்கு. காரணம் கீழே வரும். 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்று. கம்ப்யூட்டருக்குப் போடும் 12 வோல்ட் ஃபேன் ஒன்று, 80 அல்லது 120 மில்லிமீட்டர். பீங்கான் ஹோல்டர் இரண்டு, 60 வாட் குண்டு பல்பு இரண்டு. எல்இடி பல்பு சூடு தராது, அதை வாங்கி ஏமாறாதீர்கள். 0.75 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் ஒயர் மூன்று மீட்டர், மூன்று பின் பிளக், போர்டை அடைக்க மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, ஈரப்பதமானி, காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர்.

120 வாட் ஒரே பல்புக்குப் பதிலாக 60 வாட் இரண்டு சொல்வதற்குக் காரணம் உண்டு. நள்ளிரவில் ஒரு பல்பு ஃப்யூஸ் போனாலும் இன்னொன்று பாதிச் சூட்டையாவது தரும். மொத்த வாட்டைத் தேவைக்கு மேல் கூட்டவும் வேண்டாம்: குண்டு பல்பின் இழை ஆறியிருக்கும்போது அதன் மின்தடை எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஒவ்வொரு முறை எரியத் தொடங்கும்போதும் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்குப் பல மடங்கு கரண்டு ரிலே வழியாகப் பாயும். மொத்த வாட் கூடக் கூட ரிலேயின் பொட்டுகள் (உள்ளே தொட்டு விலகும் உலோக முனைகள்) கருகி ஒட்டிக்கொள்வதும் சீக்கிரம் நடக்கும்.

ஒயரிங்

டபிள்யூ 1209-இல் நான்கு திருகு முனைகள் இருக்கும்: 12 வோல்ட் பாசிட்டிவ், கிரவுண்ட், கே0, கே1. இதில்தான் முதல் தவறு நடக்கிறது. கே0, கே1 இரண்டிலிருந்தும் கரண்டு வெளியே வரும் என்று நினைத்துப் பல்பை அங்கே மாட்டிவிட்டு, 'போர்டு டிக் என்கிறது, பல்பு எரியவில்லை' என்று கடைக்காரரிடம் திருப்பிக் கொண்டுபோகிறார்கள். அவை இரண்டும் வெறும் சுவிட்சின் இரு முனைகள். சுவரில் உள்ள சுவிட்ச் எப்படி ஃபேஸ் ஒயரை வெட்டிச் சேர்க்கிறதோ, அதே வேலைதான்.

பிளக்கிலிருந்து வரும் ஃபேஸ் ஒயரை முதல் போர்டின் கே0-வில் கொடுங்கள். முதல் போர்டின் கே1-இலிருந்து இரண்டாவது போர்டின் கே0-வுக்கு ஒரு துண்டு ஒயர். இரண்டாவது போர்டின் கே1-இலிருந்து இரண்டு ஹோல்டர்களுக்கும் பேரலலாக. ஹோல்டர்களின் மறுமுனைகள் இரண்டும் நியூட்ரலுக்கு. அடாப்டரின் பாசிட்டிவ் இரண்டு போர்டின் 12 வோல்ட் முனைக்கும் ஃபேனின் சிவப்பு ஒயருக்கும். நெகட்டிவ் இரண்டு கிரவுண்டுக்கும் ஃபேனின் கறுப்பு ஒயருக்கும். ஃபேன் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதை ரிலேயோடு சேர்த்தால் பல்பு அணையும்போது காற்றும் நின்று, மேலே 39, கீழே 36 என்று சூடு பிரிந்து நிற்கும்.

அடாப்டரை மாட்டும் முன் எது பாசிட்டிவ் என்று மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள். மாற்றிக் கொடுத்தால் போர்டு அதோடு போச்சு. ஃபேஸும் அதே மாதிரிதான்: பழைய வீடுகளில் பிளக் பாயிண்டில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருப்பது சகஜம். நியூட்ரல் ரிலே வழியாகப் போனால் பல்பு அணைந்திருக்கும்போதும் ஹோல்டரில் கரண்டு இருக்கும். முட்டை திருப்பக் கை விடும்போது ஷாக் அடிக்கும். டெஸ்டரை வைத்துப் பார்த்து ஃபேஸ்தான் கே0-வுக்குப் போகிறது என்று உறுதி செய்யுங்கள். வீட்டு மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்டு கசிந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்ச்) இல்லையென்றால், ஈரமும் கரண்டும் சேர்ந்திருக்கும் இந்தப் பெட்டியைக் காரணமாக வைத்தாவது ஒன்று போட்டுவிடுங்கள். 230 வோல்ட் ஒயரிங்கில் கை பழகாதவர்கள் இந்தப் பகுதியை எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுவதே நல்லது.

போர்டின் அடிப்பக்கத்தில் ரிலே ஈயம் வைத்த இடங்களில் 230 வோல்ட் திறந்தபடி இருக்கும். தகரத்தின் மேலோ ஈரத் தரையிலோ வைக்கக்கூடாது. மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் திருகி, அதை முட்டைப் பெட்டிக்கு வெளியே மாட்டுங்கள். ஒயர் நுழையும் ஓட்டைகளைச் சுற்றி எம்-சீல் வைத்து அடையுங்கள். அந்தச் சூட்டுக்கு எறும்பும் பல்லியும் தேடி வரும். பல்லி இரண்டு முனைக்கு நடுவே நின்றால் அதுவும் போகும், போர்டும் போகும்.

பல்பின் கண்ணாடி நூறு டிகிரிக்கு மேல் சுடும், தெர்மோகோல் அந்தச் சூட்டில் உருகிவிடும். ஹோல்டரை ஒரு பிளைவுட் துண்டில் திருகி, பல்புக்கும் தெர்மோகோலுக்கும் நடுவே எந்தப் பக்கமும் நாலு விரற்கடைக்குக் குறையாமல் இடம் விடுங்கள். பல்பைச் சுற்றி ஓட்டை போட்ட எண்ணெய் டின் தகரத்தைக் கவிழ்த்தால் முட்டைமேல் நேர்ச்சூடு படாது, பொரித்த குஞ்சும் போய் ஒட்டிக்கொள்ளாது. பெட்டியின் கீழ்ப்பக்கம் நாலு, மேல்பக்கம் நாலு என ஒரு சென்டிமீட்டர் காற்று ஓட்டைகள் போடுங்கள்.

சென்சார் வைக்கும் இடம்

அதிக முட்டையைக் கெடுப்பது போர்டு அல்ல, சென்சார் ஒயர். அதன் நுனி முட்டையின் மேல்மட்டத்தில், பெட்டியின் நடுவே, முட்டையைத் தொடாமல் தொங்க வேண்டும். பல்பு அதன் கண்ணில் படக்கூடாது. ஃபேன் காற்று நேரே அடிக்கவும் கூடாது. பல்புக்கு அருகே வைத்தால் அது சீக்கிரம் 37.5 காட்டி பல்பை அணைத்துவிடும். தூரத்து மூலையில் முட்டை 35-இலேயே கிடக்கும்.

ஒயரை இரண்டு இடத்தில் கட்டுங்கள். முட்டை திருப்பும்போது கை பட்டு நுனி பெட்டிக்கு வெளியே வந்துவிட்டால், சென்சார் அறையின் 30 டிகிரியைக் காட்டும். போர்டு 'சூடு போதவில்லை' என்று பல்பை அணைக்காமல் எரித்துக்கொண்டே இருக்கும். ஒரு மணி நேரத்தில் முட்டை வெந்துவிடும். இதற்காகத்தான் இரண்டாவது போர்டு. அதன் சென்சாரை முதலாவதற்கு ஒரு சாண் தள்ளி, தனியே கட்டி, 38.5-இல் வையுங்கள். முதல் போர்டு எந்தக் காரணத்தால் பல்பை அணைக்காவிட்டாலும் இது அணைத்துவிடும்.

எண்களை அமைப்பது

செட் பட்டனை ஒருமுறை தட்டினால் தற்போது வைத்திருக்கும் சூடு மின்னும். பிளஸ், மைனஸ் கொண்டு 37.5-க்குக் கொண்டுவந்து மீண்டும் செட் தட்டுங்கள். செட்டை ஐந்து நொடி அழுத்திப் பிடித்தால் பி0 வரும். பிளஸ், மைனஸால் பி0-விலிருந்து பி6 வரை போகலாம்; வேண்டியதில் செட் தட்டி, எண்ணை மாற்றி, மறுபடி செட் தட்ட வேண்டும்.

பி0 என்பது சூடாக்குவதா குளிர்விப்பதா என்பது. கடையிலிருந்து வரும்போது பெரும்பாலும் சி என்று, அதாவது குளிர்விக்கும் நிலையில் இருக்கும். ஹெச் என்று மாற்ற வேண்டும். இதை மறந்தால் சூடு கூடக் கூட பல்பு எரியும்.

பி1 ஏற்ற இறக்க இடைவெளி. வரும்போது 2.0 இருக்கும். பெட்டி இரண்டு டிகிரி ஊசலாடினால் முட்டைக்கு ஆகாது, 0.3 வையுங்கள். அதைவிடக் குறைத்து 0.1 வைத்தால் ரிலே சில நொடிக்கு ஒருமுறை டிக் டிக் என்று அடித்து அதன் ஆயுள் சில மாதத்தில் முடிந்துவிடும். அமைத்த பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து, எந்த எண்ணில் பல்பு அணைகிறது, எந்த எண்ணில் திரும்ப எரிகிறது என்று எழுதுங்கள். அந்த இரண்டுக்கும் நடு எண் 37.5-க்கும் 37.7-க்கும் இடையில் விழும்படி செட் எண்ணைத் தள்ளிக்கொள்ளுங்கள்.

பி2-வும் பி3-வும் மேல், கீழ் எல்லை, தொட வேண்டாம். பி4 அளவுத் திருத்தம், அடுத்து விரிவாக வருகிறது. பி5 தாமதம், நிமிடக் கணக்கில். பல்புக்குப் பூஜ்யமே சரி. யாரோ ஃப்ரிட்ஜுக்குச் சொன்னதைக் கேட்டு இதில் 3 வைத்தால் மூன்று நிமிடம் கழித்துத்தான் பல்பு எரியும், சூடு ஒவ்வொரு முறையும் இறங்கிப் போகும். பி6 அதிகச் சூடு எச்சரிக்கை; காவலுக்கு இரண்டாவது போர்டு இருப்பதால் அணைத்தே வைக்கலாம்.

காவல் போர்டிலும் பி0 ஹெச், பி1 0.5, செட் 38.5. அந்தப் போர்டில் உள்ள சின்னச் சிவப்பு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும், அதுதான் சரி. ஒருநாள் அது அணைந்திருந்தால் முதல் போர்டில் ஏதோ கோளாறு என்று பொருள்.

எஸ்.டி.சி. 1000-இல் எஃப்1 சூடு, எஃப்2 இடைவெளி, எஃப்3 கம்ப்ரசர் தாமதம், எஃப்4 அளவுத் திருத்தம். அது செட் எண்ணில் அணைந்து, இடைவெளி அளவு இறங்கியதும் எரியும். எஃப்1 37.8, எஃப்2 0.3 என்று வைத்தால் 37.5-க்கும் 37.8-க்கும் இடையில் நிற்கும்.

அளவைத் திருத்தாமல் முட்டை வைக்காதீர்கள்

புதிய போர்டுகள் இரண்டை ஒரே இடத்தில் வைத்தால் ஒன்று 37.5, மற்றது 38.3 காட்டுவது வழக்கம். ஒரு டிகிரி வித்தியாசம் 21 நாளில் பெரிய வித்தியாசம். நம்பகமான ஒப்பீடு வீட்டிலேயே இருக்கிறது: காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர். அது 32-இலிருந்து 42 டிகிரி வரைதான் காட்டும், ஆனால் நமக்கு வேண்டிய இடத்தில் 0.1 டிகிரிக்குத் துல்லியம்.

வாய் அகன்ற ஃபிளாஸ்கில் கையில் பட்டால் வெதுவெதுப்பாக இருக்கும் தண்ணீர் எடுங்கள். தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்து, வெந்நீரோ பச்சைத் தண்ணீரோ கலந்து 37-க்கும் 38-க்கும் நடுவே கொண்டுவாருங்கள். போர்டின் சென்சார் நுனியையும் தெர்மாமீட்டர் நுனியையும் ஒரு ரப்பர் பேண்டால் சேர்த்துக் கட்டித் தண்ணீரில் இரண்டு அங்குலம் இறக்கி, இரண்டு நிமிடம் கலக்கிக்கொண்டே இருங்கள். காய்ச்சல் தெர்மாமீட்டர் தான் கண்ட அதிகபட்ச அளவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு முறையும் அணைத்துப் போட்டு மூன்று தடவை பாருங்கள். தெர்மாமீட்டர் 37.4, போர்டு 36.6 என்றால் பி4-இல் 0.8 வையுங்கள். போர்டு கூடுதலாகக் காட்டினால் மைனஸில். இரண்டு போர்டுக்கும் தனித்தனியே செய்து, எந்தச் சென்சார் எந்தப் போர்டுக்கு என்று டேப் ஒட்டி எழுதிவிடுங்கள். சென்சாரை மாற்றினால் திருத்தத்தையும் புதிதாகச் செய்ய வேண்டும்.

ஐஸ் தண்ணீரில் பூஜ்யத்துக்கு ஒப்பிடும் முறையும் உண்டு. ஆனால் பூஜ்யத்தில் சரியாக இருக்கும் சென்சார் 37-இல் அரை டிகிரி தவறலாம். வேலை செய்யும் சூட்டிலேயே திருத்துவது மேல்.

முட்டை வைக்கும் முன் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்

வெறும் பெட்டியில் சூடு சட்டென்று ஏறி இறங்கும், ஏனென்றால் சூட்டைப் பிடித்து வைக்க உள்ளே பொருள் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் மூன்றை முட்டை வைக்கும் இடத்தில் படுக்கவைத்து 24 மணி நேரம் ஓட்டுங்கள். தெர்மாமீட்டரை நாலு மூலையிலும் நடுவிலும் வைத்துப் பாருங்கள். மூலைக்கு மூலை அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஃபேனைத் திருப்புங்கள். காற்று பல்பு மேல் பட்டு, சுவரில் மோதி, முட்டைமேல் சுற்றி வரவேண்டும்.

பத்து நிமிடத்தில் பல்பு எத்தனை நிமிடம் எரிகிறது என்று கணக்கெடுங்கள். மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் என்றால் நல்லது. எட்டு நிமிடத்துக்கு மேல் எரிந்தால் மார்கழிப் பனியில் சூடு எட்டாது. மூடி இடுக்கை அடையுங்கள், அல்லது பல்பைக் கூட்டுங்கள். ஒரு நிமிடம்கூட எரியவில்லை என்றால் பல்பு பெரிது, அணைந்த பிறகும் சூடு ஏறிப் போகும். 40 வாட்டுக்கு மாற்றுங்கள்.

பம்புசெட் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும் ஊர்களில் இந்தக் கணக்கை அந்த நேரத்தில் எடுங்கள். 230 வோல்ட் 180-க்கு இறங்கினால் 60 வாட் பல்பு 40 வாட் அளவுக்குத்தான் சூடு தரும். குறுவை, சம்பா பருவத்தில் மட்டும் 'பெட்டி சூடேற மாட்டேன் என்கிறது' என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், போர்டு இல்லை.

ஈரப்பதம்: டெல்டாவில் பருவத்துக்குப் பருவம் வேறு

முதல் 18 நாள் 50-இலிருந்து 55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65-இலிருந்து 70. இதைப் படித்துவிட்டு வருடம் முழுக்க ஒரே கிண்ணம் தண்ணீர் வைப்பதுதான் நம் பக்கத்துத் தவறு.

காற்றைச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் சதவீதத்தில் குறையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே 27 டிகிரி, 90 சதவீதம் இருக்கும் காற்று பெட்டிக்குள் 37.5-க்குச் சூடானதும் 50 சதவீதமாகிறது. அதாவது அடைமழைக் காலத்தில் தண்ணீரே வைக்காமல் வேண்டிய அளவு வந்துவிடும். கிண்ணம் வைத்தால் 65-ஐத் தாண்டும், குஞ்சு உள்ளேயே தண்ணீர் கட்டிச் சாகும். சித்திரை வெயிலில் 36 டிகிரி, 40 சதவீதக் காற்று உள்ளே போனால் 37 சதவீதம்தான் மிஞ்சும். அப்போது உள்ளங்கை அகலக் கிண்ணம் இரண்டு வேண்டும். கிண்ணத்தின் ஆழத்தால் பயனில்லை, வாய் அகலம்தான் கணக்கு.

விலை குறைந்த ஈரப்பதமானிகள் பத்து சதவீதம் வரை தவறும். அதைச் சோதிக்க வேதாரண்யத்துக் கல்லுப்பு போதும். ஒரு பாட்டில் மூடியில் உப்பை நிரப்பி, சேறு பதத்துக்கு நனையும்படி சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள், கரைந்துவிடக் கூடாது. அதையும் ஈரப்பதமானியையும் காற்றுப் புகாத டப்பாவில் பன்னிரண்டு மணி நேரம் மூடி வையுங்கள். உள்ளே 75 சதவீதம் இருக்கும். மானி 68 காட்டினால் ஏழு குறைவாகக் காட்டுகிறது. அதை மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

இதைவிட நல்ல சாட்சி தராசு. பத்து முட்டையைச் சேர்த்து நிறுத்தால் 420 கிராம் என்று வையுங்கள். 18-ஆம் நாள் வரை 11-இலிருந்து 13 சதவீதம் எடை குறைய வேண்டும், அதாவது சுமார் 370 கிராமுக்கு வர வேண்டும். ஏழாம் நாள் 400 அருகே இருந்தால் சரியான வழியில் போகிறது. 410 என்றால் ஈரம் அதிகம், கிண்ணத்தை எடுங்கள். 390 என்றால் காய்கிறது.

வெயில் காலத்தில் இன்னொரு சிக்கல். இந்தத் தெர்மோஸ்டாட்டுக்குச் சூடாக்க மட்டும்தான் தெரியும். தகரக் கொட்டகையில் அறையே 38-ஐத் தொட்டால், பல்பு அணைந்தே கிடக்க, திரையில் 39 தெரியும். செட் எண்ணைக் குறைத்துப் பயனில்லை. பெட்டியை வீட்டின் உள்ளறைக்கு, தரைக்கு மாற்றுங்கள். 14-ஆம் நாளுக்கு மேல் முட்டைக்குள் குஞ்சே சூடு தரத் தொடங்கும் என்பதால் கடைசி மூன்று நாளுக்கு செட் எண்ணை 37.2-க்கு இறக்குவது நல்லது.

கரண்டு போனால்

பராமரிப்புக்கு என்று அறிவித்துக் காலையிலிருந்து மாலை வரை மின்சாரம் நிறுத்தும் நாள் முன்கூட்டியே தெரியும். புயல் அப்படி வராது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரை கடந்த பிறகு வேதாரண்யம் பக்கம் நாள்கணக்கில் இருட்டு. மழைக்காலத்தில் பெட்டி ஓட்டுபவர்கள் அடைக்கு உட்காரும் கோழி ஒன்றையாவது கையில் வைத்திருங்கள். நல்ல முட்டையில் பத்தையாவது அதன் வயிற்றுக்கு மாற்றலாம்.

நாலைந்து மணி நேரம் முட்டை ஆறுவதால் எல்லாம் செத்துவிடாது. பொரிப்பு கொஞ்சம் தள்ளிப்போகும். குளிரைவிடச் சூடுதான் வேகமாகக் கொல்லும். மூடியைத் திறக்காதீர்கள். கீழ் ஓட்டைகளில் பாதியை அடைத்து, தூக்குவாளியில் வெந்நீர் ஊற்றி மூடி, துணி சுற்றி பல்புப் பக்கம் வையுங்கள். மணிக்கு ஒருமுறை தெர்மாமீட்டரில் முட்டை மட்டத்தில் பாருங்கள். ஃபேன் நின்றிருப்பதால் மேலே சூடு கூடுதலாக நிற்கும். கரண்டு வந்ததும், 'விட்டதைப் பிடிக்கலாம்' என்று 38.5 வைக்காதீர்கள்.

இன்வெர்ட்டரில் போடுவதானால் கணக்கு இது: 120 வாட் பல்பு பாதி நேரம் எரிந்தால் சராசரி 60 வாட், ஃபேனும் போர்டும் ஐந்து. ஆறு மணி நேரத்துக்கு 390 வாட் அவர். 150 ஆம்பியர் அவர் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் வீட்டு ஃபேன் ஒன்றோடு சேர்த்தே தாங்கும்.

பழுது எங்கே என்று கண்டுபிடிப்பது

செட் எண்ணைத் தற்போதைய சூட்டுக்கு ஐந்து டிகிரி மேலே தள்ளுங்கள். டிக் சத்தமும் போர்டில் சிவப்பு விளக்கும் வர வேண்டும்.

சத்தமும் விளக்கும் வந்து பல்பு எரியவில்லையா? பல்பு, ஹோல்டர், கே1 திருகு, காவல் போர்டு என்ற வரிசையில் பாருங்கள். கடலோர ஊர்களில் உப்புக் காற்றில் ஹோல்டரின் பித்தளை முனை பச்சை பூத்துவிடும். பிளக்கைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்தால் சரியாகும். விளக்கு மட்டும் எரிந்து டிக் சத்தம் இல்லையா? அடாப்டரில் கோளாறு. சும்மா இருக்கும்போது 12 வோல்ட் காட்டும், ரிலே இழுக்கும்போது 9-க்கு இறங்கும்; மல்டிமீட்டரை முனையில் வைத்துக்கொண்டே சோதியுங்கள். விளக்கே வரவில்லை என்றால் பி0 சி-யில் இருக்கிறது.

விளக்கு அணைந்த பிறகும் பல்பு எரிந்துகொண்டிருந்தால் ரிலேயின் பொட்டு ஒட்டிவிட்டது. உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டினால் விட்டுவிடும், அன்றைக்கு வேலையும் செய்யும். ஆனால் ஒருமுறை ஒட்டியது மறுபடி ஒட்டும். போர்டை மாற்றுங்கள்.

திரையில் எல்எல்எல் என்று வந்தால் சென்சார் ஒயர் அறுந்திருக்கிறது அல்லது அதன் வெள்ளைக் கனெக்டர் கழன்றிருக்கிறது. ஹெச்ஹெச்ஹெச் என்றால் பெரும்பாலும் ஒயருக்குள் ஷார்ட். சென்சாரைக் கழற்றி மல்டிமீட்டரில் பாருங்கள்: 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்ட வேண்டும். நுனியைக் கைக்குள் இறுகப் பிடித்தால் மெல்ல ஆறு, ஏழு கிலோ ஓமுக்கு இறங்க வேண்டும். எண் தாறுமாறாகக் குதித்தால் நுனிக்குள் ஈரம் இறங்கிவிட்டது. சென்சார் மட்டும் தனியே சொற்ப விலைக்குக் கிடைக்கும். எப்போதும் ஒன்று கூடுதலாக வைத்திருங்கள்.

பொரிக்காத முட்டை சொல்வது

போர்டு சரியாக ஓடியதா என்பதற்குக் கடைசிச் சோதனை முட்டைதான். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒன்றுமே இல்லாமல் வெளிச்சமாகத் தெரிந்தால் கரு கூடாத முட்டை, அது சேவல் கணக்கு. எட்டு, பத்துக் கோழிக்கு ஒரு சேவலாவது வேண்டும். ரத்தம் வளையமாகத் தெரிந்தால் முதல் நாலைந்து நாளில் சூடு ஏறியிருக்கிறது, அல்லது ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருந்த பழைய முட்டை.

19-ஆம் நாளே பொரித்து, குஞ்சின் தொப்புள் மூடாமல் ரத்தம் கசிந்தால் சூடு அதிகம். பி4-ஐ மறுபடி சரிபாருங்கள். 22, 23-க்குத் தள்ளிப்போய் வயிறு பெருத்து, கால் ஊன்றாமல் வந்தால் சூடு குறைவு. ஒரு மூலையில் உள்ளவை மட்டும் தாமதம் என்றால் ஃபேன். முழுக் குஞ்சாக வளர்ந்து ஓட்டை உடைக்காமலே ஈரமாகச் செத்திருந்தால் ஈரம் அதிகம். ஓட்டை உடைத்துவிட்டு, உள்தோல் காகிதம் மாதிரி காய்ந்து ஒட்டிக்கொண்டால் கடைசி மூன்று நாளில் மூடியை அடிக்கடி திறந்திருக்கிறீர்கள்.

18-ஆம் நாளோடு முட்டை திருப்புவதை நிறுத்தி, தண்ணீரைக் கூட்டி, மூடியை மூடிவிட வேண்டும். முதல் குஞ்சு கத்தியதும் திறந்து எடுக்கத் தோன்றும். மஞ்சள் கரு உள்ளே இருப்பதால் இரண்டு நாள்வரை அதற்குத் தீனி வேண்டாம். ஒருநாள் பெட்டியிலேயே உலரட்டும். அந்த வாடைக்குக் கட்டெறும்பு வரும், பெட்டி வைத்திருக்கும் மேசையின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். குஞ்சுகளை எடுத்த பிறகு சென்சார் நுனியில் ஒட்டியிருக்கும் பஞ்சுமயிரையும் முட்டைக் கசிவையும் ஈரத்துணியால் துடைத்து, இரண்டு போர்டின் திருகுகளையும் ஒருமுறை இறுக்கி, ஃபிளாஸ்க் சோதனையைத் திரும்பச் செய்துவிட்டு அடுத்த முட்டையை வையுங்கள்.